சொல்லிக்கொள்ளாமல் எடுத்தது

இந்தக் கதை எனக்கு நேரடியாகத் தெரிந்ததல்ல. ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். அவருக்கும் வேறொருவர் சொன்னதாம். கேட்டதில் எதையும் கூட்டவில்லை என்றே நம்புகிறேன்.

தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுக்கப்போகிறவர்களின் குரலை முன்கூட்டியே பதிந்து வைக்க அங்கே ஓர் அறை இருந்தது. நடத்தியவர் கிரேஸ் டீச்சர். முப்பது வயதுதான் இருக்கும். அவரிடம் வேலை பழக வந்த பிச்சையாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை ஊர் ஊராகப் போய் மைக் செட் கட்டியவர். வயது எப்படியிருந்தாலும் இவர்தான் சீடர்.

பதிந்த குரலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியதும் டீச்சர் டிஸ்க்கை உடனே பிடுங்க மாட்டார். திரையில் ஒரு பொத்தானை அழுத்தி, எடுக்கலாமா என்று கம்ப்யூட்டரைக் கேட்பார். எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பிச்சையாவுக்குச் சிரிப்பு வரும். "நாங்கல்லாம் பாட்டு நின்னா ஒயரை உருவிருவோம் டீச்சர். ஆம்பிளிஃபயர்கிட்ட உத்தரவு வாங்கினதே இல்ல."

"வாங்கிப் பழகுங்கண்ணே."

ஒருநாள் வைரக்கண்ணு வந்தார். நாகப்பட்டினத்தில் மீன் ஏலம் கூவுகிறவர். மகள் கர்ப்பமாக இருந்தாள். பிறக்கும் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டியவர் அவர். மறுநாள் காலை ஆபரேஷன். கூவிப் பழகிய குரலைத் தணித்து, ஒரு காதுக்கு மட்டும் எட்டும்படி, ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று டீச்சர் முன்னதாகக் கிளம்பியிருந்தார். பிச்சையா ரெக்கார்டரின் மெமரி கார்டில் இருந்த குரலைக் கட் செய்து ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட் செய்தார். முடிந்தது என்று திரையில் வந்தது. வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. ஹார்ட் டிஸ்க்கை உருவி பீரோவில் வைத்தார். கம்ப்யூட்டருக்கான சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினார். அடுத்தடுத்த நாட்களில் அதே கார்டில் வேறு ஆட்களின் குரல்கள் ஏறின.

மகளுக்கு நாள் நெருங்கியபோது, குரலை வாங்கிப்போக வைரக்கண்ணு அவளோடு வந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு. பேச்சில்லை.

ஃபைல் இருந்தது. அவர் பெயர் இருந்தது. நீளமும் சரியாக இருந்தது. பிச்சையா ஓடவிட்டார்.

முதலில் யாரோ மூச்சை இழுத்தார்கள். பிறகு ஒரு பெண்ணின் குரல்.

"வா, உள்ள வா. கதவு தொறந்துதான் இருக்கு. கூட யாரு வந்திருக்கா?"

மகள் வயிற்றின்மேல் கை வைத்தாள். "இது யாருண்ணே? எங்கப்பா எங்க?"

பிச்சையாவுக்குத் தெரிந்த குரல்தான். அழகம்மை. போன வருஷம் அவளுக்கு மைக்கைச் சரிசெய்து கொடுத்ததே அவர்தான். பதிந்ததை வீட்டார் வாங்கிப்போனதும் இந்த டிஸ்க்கிலிருந்து அழித்தாயிற்று. தை மாதம் அழகம்மையும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"சாப்பிட்டியா?" என்றது குரல். "ஏன் பேச மாட்டேங்குற?"

வைரக்கண்ணு ஸ்பீக்கரையே பார்த்தார். பதில் சொல்லப்போவதுபோல வாயைத் திறந்தார்.

டீச்சர் கை நீட்டி நிறுத்தினார். "அப்பா குரல் இதுல இல்லம்மா. எங்க தப்பு. இனிமே எடுக்கவும் வழியில்ல."

வாசல்வரை போன வைரக்கண்ணு நின்றார். மகளின் வயிற்றருகே குனிந்தார். உதடுகள் அசைந்தன. மூன்று முறை.

அவர்கள் போன பிறகு பிச்சையா டீச்சர் பக்கம் திரும்பினார். 

"முடிஞ்சதுன்னு அதுதானே டீச்சர் சொல்லுச்சு. அப்புறம் கேக்காம எடுத்தா என்ன?"

டீச்சர் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, மைக் செட்டைக் கழட்டிக்கிட்டுக் கிளம்புறப்ப வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டு வருவீங்களா?"

"சொல்லாமயா? கல்யாணம், காதுகுத்து, எதுவா இருந்தாலும் போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் வண்டில ஏறுவேன்."

"எந்த வீடா இருந்தாலுமா?"

பிச்சையா யோசித்தார். "சாவு வீட்டுல மட்டும் சொல்லிக்கக் கூடாது. பேசாம வந்துரணும்."

டீச்சர் சுருட்டிய ஒயரை மேசைமேல் வைத்தார்.

"அன்னைக்கு உயிரோட ஒருத்தர் கம்ப்யூட்டருக்குள்ள இருந்தாருண்ணே. நீங்க எந்த வீடுன்னு நினைச்சு வந்தீங்க?"



அழகம்மையின் குரல் வந்ததை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. ஹார்ட் டிஸ்க் பழுது பார்க்கும் இருவரிடம் தனித்தனியாக விசாரித்தேன். நடக்கக்கூடியதுதான் என்றார்கள். முடிந்தது என்று திரை சொன்ன பிறகும், போக வேண்டியது கம்ப்யூட்டருக்குள்ளேயே காத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கலாமா என்று கேட்டால்தான் அது மிச்சத்தையும் அனுப்பி முடிக்கும். டிஸ்க்கில் அதற்கான பெயரும் இடமும் மட்டும் முதலில் பதிவாகியிருக்கும். வரவேண்டியது வந்து சேராவிட்டால், அந்த இடத்தில் முன்பு அழித்தது அப்படியே இருக்கும்.