காடி கொடுத்தவன்

எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் நான் பிலாத்து, ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லுகிற அதிகாரி. மூன்று வசனம், ஒரு செம்பு தண்ணீர், ஒரு தாம்பாளம். கையைக் கழுவிவிட்டு இறங்கிவிடலாம். அதற்காகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேஷம்.

ஆண்டவர் பாடுபட்ட கதையை நாங்கள் இரண்டு மத்தியானம் ஆடுவோம். பெரிய வியாழன் சவுக்கடி வரைக்கும். பெரிய வெள்ளி சிலுவை. சொல்லிக் கொடுப்பவள் பிரகாசி. முப்பத்து நாலு வயசு, கோயில் தெருவில் தையல் கடை. பூசைக்குப் போகமாட்டாள். சாமியார் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார். ஆனால் அவள் அப்பா செத்த பிறகு நாடகம் முழுக்க மனப்பாடமாக இருப்பது அவளுக்கு மட்டும்தான். அதனால் நோன்பு தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் கிழவர்கள்கூட அவளை, நாடக வாத்தியார் என்ற முறையில், ‘அண்ணாவி’ என்று கூப்பிட்டு ‘நீங்க’ போட வேண்டும். ஈஸ்டருக்கு மறுநாள் பழையபடி ‘ஏ பிரகாசி’தான்.

பெரிய வெள்ளி காலையில் என் அங்கிக்கு ஓரம் அடிக்க அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். தொம்மை அண்ணன் வந்தார். போட் என்ஜின் மெக்கானிக், ஐம்பது வயசு தாண்டியவர். நாடகத்தில் சவுக்கால் அடிக்கிற சேவகன். சவுக்கையும் தகரத் தொப்பியையும் மேஜைமேல் வைத்தார்.

“அண்ணாவி, இனி எனக்கு வேஷம் வேண்டாம்.”

பிரகாசி மிஷினை நிறுத்தினாள். சவுக்கை எடுத்துப் பார்த்தாள்.

அது பஞ்சு நூல் திரித்த சவுக்கு. சிவப்புச் சாயத்தில் முக்கி, மூன்று தடவை பிழிந்துவிட்டு மேடைக்குப் போக வேண்டும். முதுகில் சிவப்பாகக் கோடு விழும், வலிக்காது. பிழியாமல் போனால் ஈர நூல் கனத்துப்போய் தோலை உரித்துவிடும். இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“பிழியலியா?” என்றாள்.

“மறந்துட்டேன்.”

“எந்த அடியில தெரிஞ்சுது?”

தொம்மை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என் அங்கியைப் பார்த்தேன்.

“மூணாவதுல.”

“எத்தன அடிச்சீங்க?”

“பன்னெண்டு.”

அவள் சவுக்கைக் கீழே வைத்தாள். ஆண்டவர் வேஷம் போட்ட கஸ்பார் வேறு யாருமில்லை, தொம்மை அண்ணனின் மச்சினன், அவர் பெண்டாட்டி மேரி அக்காவின் தம்பி. ஐஸ் லாரி ஓட்டுகிறவன், பரம சாது. நேற்று அவன் முதுகில் ஓடியது சாயம் என்று நினைத்துக் கூட்டம் “போடு! போடு!” என்று கத்தியது. நானும் கத்தினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

“அவன் மேல கோவமா?”

“ஐயோ, இல்ல அண்ணாவி! தங்கமான பயல். எனக்கு ஒரு பகையும் கெடையாது. கூட்டம் கத்துச்சு. கை இனிச்சுது.” தொம்மை அண்ணன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார். “மேரி நேத்துலருந்து எங்கூடப் பேசல. அவ தம்பில்லா. அவ பேசாட்டாலும் போவுது. எனக்கு எங்கையப் பாத்தாதான் பயமா இருக்கு. இனி இது அப்படிப் பண்ணாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அத நான் எப்படிச் சொல்ல?”

அவள் எழுந்து உள்ளே போனாள். ஆறு எலுமிச்சம்பழம், ஒரு சட்டி, ஒரு கத்தி, சர்க்கரை டப்பா, ஒரு துண்டு இஞ்சி. எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தாள்.

“பிழிங்க.”

“எதுக்கு?”

“காடி கொடுக்க ஆளில்ல இந்த வருஷம்.”

சிலுவையில் தொங்குகிறவர் தாகம் என்பார். ஒரு சேவகன் கடற்பஞ்சைக் காடியில் முக்கி, கழியில் செருகி நீட்டுவான். நாடகத்திலேயே ஊர் அதிகம் வெறுக்கிற ஆள் அவன்தான். தாகத்துக்குப் புளித்ததைக் கொடுக்கிறானே என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள். போன வருஷம்வரை அதைச் செய்தவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குப் பிறகு எவனும் ஒத்துக்கொள்ளவில்லை.

“காடின்னா புளிச்ச தண்ணில்லா? இது ஜூஸு.”

“காடிங்கறது வசனத்துல இருக்கு. சட்டிக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்கா? முக்கால் மணி நேரம் வெயில்ல தொங்குதான். எங்கப்பா காலத்துலருந்தே இதுதான். கொடுக்கறவனுக்கும் குடிக்கறவனுக்கும் மட்டும் தெரியும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷமாக நானும் மண் தூற்றியிருக்கிறேன்.

தொம்மை அண்ணன் பழத்தை நறுக்கிப் பிழிந்தார். நடுவில் நிமிர்ந்து, “எங்கையால அவன் குடிப்பானா?” என்று கேட்டார்.

“தெரியாது.”

“குடிக்காட்டா?”

“கழியப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

மத்தியானம் வெயில் கொளுத்தியது. நான் கையைக் கழுவிவிட்டு இறங்கி, மேடை ஓரத்தில் நின்றுகொண்டேன். சிலுவையைத் தூக்கி நிறுத்தினார்கள். கஸ்பார் தாகம் என்றான். தொம்மை அண்ணன் கழியை நீட்டினார்.

நீட்டுவது யார் என்று கஸ்பார் பார்த்தான். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

நாடகத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. கூட்டத்துக்கு அது தெரியுமா? “பாவிப்பய! நேத்தும் நீதானல!” என்று கத்தினார்கள். மண் வந்து விழுந்தது. மேரி அக்காவும் ஒரு பிடி வாரினாள், பார்த்தேன். தொம்மை அண்ணன் கண்ணில் மண். துடைக்க ஒரு கையை எடுத்தால் கழி சாயும். துடைக்கவில்லை. பிரகாசி அடுத்த வசனத்துக்குக் கை காட்டவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கே நாக்கு வறண்டுபோனது.

கஸ்பார் திரும்பினான். பஞ்சைப் பல்லால் கடித்து உறிஞ்சினான். உதடு ஏதோ அசைந்தது. பிறகு தலையைச் சாய்த்தான். பெண்கள் அழுதார்கள்.

சாயங்காலம் கோயில் வாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றினார்கள். பிரகாசியும் நானும் கொட்டாங்கச்சியில் வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தோம். தொம்மை அண்ணன் வந்தார். கண் சிவந்திருந்தது, மண்ணாலோ என்னவோ.

“கஸ்பார் என்ன சொன்னான்?” என்று நான்தான் கேட்டேன்.

“‘சக்கர கம்மி, மச்சான்’னான்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அப்புறம் அழுதார். பிரகாசி தன் கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைக் குடித்து முடித்தார்.

“அண்ணாவி, நீங்க இதெல்லாம் நம்பறதில்ல. நான் நம்புதேன். நாளக்கழிச்சி ஆண்டவர் எந்திச்சிருவாரு. பட்ட அடியெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிரும். அப்ப ஒரு வாய்த் தண்ணிக்கு எதுக்கு இவ்வளவு பாடு?”

பிரகாசி காலி கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்தாள்.

“எந்திக்கது ஞாயித்துக்கெழம அண்ணே. தாகம் வெள்ளிக்கெழமல்லா எடுக்கு.”