ஹாலில் வைக்க ஒரு ஸ்விட்ச்

"எட்டுப் போர்ட் போதுமா டீச்சர், இல்ல பதினாறா?"

வகுப்பு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். ஏசுவடியான் மட்டும் பெஞ்சிலிருந்து எழவில்லை.

மைமூன் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் மாலை நேரங்களில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கிங் சொல்லித்தருகிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏசுவடியானுக்கு அறுபத்துமூன்று. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னத்துக்கு சார்?"

"வீட்டுக்குத்தான். நெட் வயர் செருகுற ஸ்விட்ச் வாங்கணும்."

"வீட்ல எத்தனை பேரு?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

"ரெண்டு பேருக்குப் பதினாறா?"

"கேமராவுக்கு டீச்சர். ரௌட்டர்ல நாலு ஓட்டைதான் இருக்கு. நாலும் நிறைஞ்சு போச்சு. மத்த கேமராவும் மாட்டியாச்சு, செருகத்தான் எடமில்ல. இன்னும் பின்வாசலுக்கு வேணும், கிணத்தடிக்கு வேணும், மாடிப்படிக்கு..."

"திருடன் பயமா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"உள்ள இருக்கிற ஆளு வெளிய போயிருமோன்னு பயம்."

மைமூன் டஸ்டரைக் கீழே வைத்தாள்.

அவர் மனைவி பியூலாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்து நாளாகிவிட்டது. முதலில் உப்பு போட்டதை மறந்தாள். பிறகு மஸ்கட்டில் இருக்கும் மகனின் பெயரை மறந்தாள். ஒரு நாள் மத்தியானம் ஏசுவடியான் கண்ணயர்ந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ஆற்றுப் படித்துறையில், கடைசிப் படியில், முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த யாரோ கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அவர் பகலில் தூங்குவதில்லை.

"கதவப் பூட்டிப் பாத்தேன் டீச்சர். உள்ள இருந்து ரெண்டு கையாலயும் அடிச்சா. கை வீங்கிப் போச்சு. பூட்டவும் மனசு வரல. தொறந்து விட்டா ஆறு இருக்கு. அதான் கேமரா. வெளி ஆள வீட்டுக்குள்ள விட இஷ்டமில்ல. நானே வயர் இழுக்கலாம்னுதான் உங்ககிட்ட படிக்க வந்தேன். நான் வெளிய போனா மட்டும் என் தங்கச்சி வந்து இருந்துட்டுப் போவா."

"எங்க உக்காந்து பாப்பீங்க?"

"மாடியில. நெட் லைன் அங்கதான் வருது. பெருசா ஒரு ஸ்கிரீன் வச்சிருக்கேன். நாள் பூரா அங்கதான்."

"சாப்பாடு?"

"தட்ட மேல கொண்டு போயிருவேன்."

"அவங்க?"

"கீழ. நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

மைமூன் விளக்கை அணைத்தாள்.

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு வாரேன் சார்."

அவள் வரும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. கடை திறந்ததும் போய்ப் பதினாறு போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வந்து, அவள் வந்ததும் பெட்டியை நீட்டினார்.

"இதுல எல்லா போர்ட்டையும் போன்லயே பாக்கலாமாம் டீச்சர். எது வேணுமோ தொறக்கலாம், எது வேண்டாமோ மூடலாம். ஒரு வயர் கழண்டாலும் மெசேஜ் வருமாம். எல்லாம் நம்ம கையிலன்னு கடையில சொன்னாங்க."

மைமூன் அட்டைப்பெட்டியில் இருந்ததை ஒரு முறை வாசித்தாள்.

"சொன்னது உண்மைதான்" என்றாள்.

மாடிக்கு ஏறி, ஸ்விட்சுக்குக் கரண்ட் கொடுத்தாள். வயர்களை அவரே செருகினார். கடைசியாக ஹால் கேமராவின் வயர். அது மட்டும் 'டிக்' என்று உட்காரவில்லை. சொருகியது போதும் என்று விட்டுவிட்டார்.

விளக்குகள் பச்சையாக மின்னத் தொடங்கின. திரையில் வீடு முழுவதும் கட்டம் கட்டமாக வந்தது.

ஹாலில் பிரம்பு நாற்காலியில் பியூலா உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் இருந்தன. மின்விசிறிக் காற்றில் சுவரிலிருந்த தேதி காலண்டர் படபடத்தது.

"இப்பத்தான் மூச்சு வருது டீச்சர்."

"நான் கீழ போயி அவங்க கூட இருக்கேன்" என்று மைமூன் இறங்கிப் போனாள்.

ஏசுவடியான் பார்த்தார்.

கிணற்றடியில் ஒரு பூனை நடந்தது. பின்வாசலில் கொடியில் கிடந்த துண்டு ஆடியது. ஹாலில் பியூலா.

மாடிப்படியில் வெயில். ஹாலில் பியூலா.

அவருக்கு மற்ற கட்டங்கள் மேல் கண் போகவில்லை. அவளையே பார்த்தார். எவ்வளவு அமைதியாக இருக்கிறாள் என்று நினைத்தார். இத்தனை நாளில் அவள் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவருக்கே கண் சொக்கியது.

திடுக்கிட்டு விழித்தார். டீச்சர் எங்கே?

கீழேதானே போனாள். கூட இருக்கிறேன் என்றாளே. ஹாலில் டீச்சர் இல்லை.

திரையை ஒட்டிப் போய்ப் பார்த்தார். பியூலாவின் கை அசையவில்லை. முகம் அசையவில்லை. இமை மூடவில்லை. சுவரில், தேதித் தாள் ஒன்று பாதி எழும்பி அந்தரத்தில் நின்றிருந்தது. விழவில்லை.

ஸ்விட்சைப் பார்த்தார். ஒரு விளக்கு இருட்டாக இருந்தது. அதன் அடியில் ஹால் கேமராவின் வயர் கழன்று தொங்கியது. திரையில் நின்றது பழைய படம்.

வாசல் கேமரா வேலை செய்துகொண்டிருந்தது. அதில் கேட் திறந்து கிடந்தது. எப்போது திறந்தது?

போனைத் தேடினார். சட்டைப்பையில் இல்லை. கீழேயிருந்து அதன் மணிச்சத்தம் கேட்டது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது.

படிகளில் விழாமல் எப்படி இறங்கினார் என்று அவருக்குத் தெரியாது. ஹாலில் நாற்காலி காலியாக இருந்தது. காலண்டர் படபடத்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை.

"பியூலா!"

சமையலறையில் இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவர் கண்ணுக்குத் தண்ணீர் தெரியவில்லை, வெறும் கறுப்புதான் தெரிந்தது. பிறகு வானம் தெரிந்தது. அவர் தலை தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

செருப்புப் போடாமல் தெருவில் ஓடினார்.

டீக்கடையில் யாரோ, "என்ன சார், என்னாச்சு?" என்று கேட்டார்கள். நிற்காமல் ஓடினார். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் உள்ளே ஓடியது. வழியெல்லாம் அவர் பார்த்தது ஒன்றுதான்: ஆற்றில் மிதந்து போகும் ஒரு சேலை. சாலை திரும்பியபோது அந்தச் சேலைக்குப் பச்சை நிறம் வந்தது. அது அவள் காலையில் கட்டியிருந்த சேலை.

படித்துறைக்கு வந்து நின்றார்.

பியூலா கடைசிக்கு முந்தின படியில் நின்றிருந்தாள். அவளுக்கும் ஆற்றுக்கும் நடுவே, ஒரு படி கீழே, மைமூன் தண்ணீருக்குள் நின்றிருந்தாள். அவளுடைய பர்தா முழங்கால்வரை நனைந்திருந்தது. பியூலாவின் கை அவள் கைக்குள் இருந்தது.

ஏசுவடியான் கத்தப் போனார். மைமூன் மறு கையை உயர்த்தினாள். நில்லுங்கள் என்றது கை.

பியூலா அவர் பக்கம் திரும்பவில்லை. குளித்துக்கொண்டிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு இல்ல. அந்தா தல துவட்டுறாரே, அவரும் இல்ல."

"யாரத் தேடுறீங்கம்மா?" என்று கேட்டாள் மைமூன்.

"எங்க வீட்டுக்காரரத்தான். ட்யூட்டி முடிஞ்சா இங்கதான் குளிக்க வருவாரு. வீடு பூரா தேடிட்டேன். அடுப்பங்கரையில பாத்தேன். கட்டில்ல பாத்தேன். ஆளக் காணோம். எத்தன நாளாத் தேடுறேன் தெரியுமா?"

அவள் குரல் தேய்ந்தது.

"அவருக்கு என்னமும் ஆயிருச்சோன்னு பயமா இருக்கும்மா."

ஏசுவடியான் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு அழைத்து வந்து, பியூலா கஞ்சி குடித்துப் படுத்த பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"ஏன் டீச்சர் தடுக்கல?"

"தடுத்தேன். ரொம்பப் பயந்தாங்க. அதான் கூடப் போனேன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"வாசல்ல இருந்து கூப்புட்டேன் சார். போற வழி பூரா போன் பண்ணினேன். உங்க போன் ஹால்லதான் அடிச்சிருக்கு."



சாயங்காலம் அவள் மறுபடியும் வந்தாள். கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. ஐந்து போர்ட். நீளமான ஒரு வயரும் கொண்டு வந்திருந்தாள்.

"இதுல செட்டிங்ஸ் கிடையாது. பாஸ்வேர்டு கிடையாது. மெசேஜும் வராது. மாட்டினா ஓடும்."

"இத வச்சு என்ன பண்ண?"

அவள் மாடிக்குப் போனாள். வயரின் ஒரு முனையைப் பெரிய ஸ்விட்சில் 'டிக்' என்று சத்தம் வரும்வரை செருகினாள். மறுமுனையைப் பிரித்துக்கொண்டே படியிறங்கி, ஹாலுக்கு வந்து, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். சின்ன ஸ்விட்சை அங்கே அலமாரியில் வைத்தாள்.

"ஸ்கிரீனத் தூக்கிட்டு வாங்க சார்."

"இங்கயா?"

அவள் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து, பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

அவர் மாடியிலிருந்து திரையைத் தூக்கி வந்து அலமாரியில் வைத்தார்.

"எனக்குப் பயம் போகல டீச்சர்."

"போகாது சார்" என்று சொல்லிவிட்டு மைமூன் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பியூலா சட்டென்று எழுந்தாள். வாசல் கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள்.

பூட்டு அலமாரியில்தான் இருந்தது. கை எட்டும் தூரம். கை அதன் பக்கம் போனது.

"எங்க போற, பியூலா?"

அவள் திரும்பினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரையோ பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரத் தேடி."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். எழுந்தார். செருப்பு காலுக்குள் நுழைய மறுத்தது. குனிந்து கையால் மாட்டினார்.

"நானும் கூட வரட்டுமா?"

அவள் கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க. ரெண்டு பேருமாத் தேடினா சீக்கிரம் கெடச்சிருவாரு."