நிலாவை இழுப்பது யார்?

“மேடம், என் சம்சாரம் போகமாட்டா. நியூட்டனே என் பக்கம்தான்.”

காலையில் மலையேறி வந்ததும் வராததுமாகத் தணிகாசலம் இப்படிச் சொன்னார். அடிவாரத்தில் உரக்கடை வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் மலைமேல் இருக்கும் தொலைநோக்கி நிலையத்துக்கு வந்து வானசாஸ்திரம் படிக்கிறார்.

அவருக்குப் பாடம் சொல்லித்தரும் ரெஜினா அவரைவிட மிகவும் இளையவள். விடிய விடிய நட்சத்திரம் பார்த்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

“எங்க போகமாட்டாங்க?”

“நாகப்பட்டினத்துக்கு. தலைமை நர்ஸா போஸ்டிங் வந்திருக்கு, மதியம் பஸ். பெட்டியெல்லாம் கட்டி வெச்சிட்டா. சும்மா மிரட்டல். நான் வேணுமா, வேலை வேணுமான்னு கேட்டுட்டேன்.”

“இதுல நியூட்டன் எங்க வந்தாரு?”

“நீங்கதானே சொன்னீங்க, தூரம் கூடக் கூட இழுப்பு மளமளன்னு கொறையும்னு? சூரியன் எவ்வளவு பெருசா இருந்து என்ன, தூரத்துல கெடக்கு. பூமி பக்கத்துல இருக்கு. அதான் நிலா நம்மளையே சுத்துது. அவகிட்டயும் இதையே சொல்லிட்டு வந்தேன்.”

கிழக்கே சூரியன். மேற்கே பகல் நிலா வெளிறிப்போய் நின்றது.

ரெஜினா ஒரு சாக்பீஸை நீட்டினாள்.

“சூரியன் பூமியைவிட எத்தனை மடங்கு கனம்?”

“மூணு லட்சத்து முப்பதாயிரம்.” சிமெண்ட் தரையில் எழுதினார்.

“நிலாவுல இருந்து பாத்தா, பூமியைவிடச் சூரியன் எத்தனை மடங்கு தூரத்துல இருக்கு?”

“நானூறு.” இழுப்பு தூரத்தின் வர்க்கப்படி குறையும் என்பதால் அதை நானூறாலேயே பெருக்கினார். ஒரு லட்சத்து அறுபதாயிரம். கனத்தை அதால் வகுத்தார்.

இரண்டு வந்தது. கொஞ்சம் மீதியும் நின்றது.

அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே இரண்டு.

தணிகாசலம் சாக்பீஸைக் கீழே போட்டார்.

“நிலாவை நம்மளவிட ரெண்டு மடங்கு சூரியன் இழுக்குதா?”

“ஆமா.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

“அப்போ அது எப்பவோ போயிருக்கணுமே மேடம்!”

வீட்டு வாசலில் இருந்த பெட்டி மிரட்டலுக்காக வைத்ததல்ல என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“போய்க்கிட்டுதான் சார் இருக்கு. சூரியனைச் சுத்தி, வருஷா வருஷம்.”

“பூமியை விட்டுட்டா?”

“பூமி என்ன, உரக்கடையிலயா உக்காந்திருக்கு?”

தணிகாசலம் நிமிர்ந்தார்.

நிலாவைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். பிறகு தன் காலடித் தரையை வெகுநேரம் பார்த்தார்.

எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

“சார், எங்க ஓடறீங்க?”

“பெட்டி கட்டணும்!”

“அதான் அவங்க கட்டிட்டாங்கன்னீங்களே?”

“என் பெட்டி, மேடம்!”