உள்ளதைச் சொன்ன ஹெட்போன்

திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழு. அதன் முதலாளியும் முதல் பாடகரும் ஞானசிகாமணிதான். தன் குரலைப் பற்றி அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது. சந்தேகப்பட்டவர்களுக்கு அடுத்த கச்சேரி கிடையாது.

மேடையின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் உட்காரும் அற்புதத்திடம் ஒருநாள் கொஞ்சம் பணத்தை நீட்டினார்.

"காதை முழுசா மூடுற ஹெட்போன் வேணும். பேஸ் இடிக்கக் கூடாது, கீச்சுன்னும் கேக்கக் கூடாது. உள்ளது உள்ளபடி கேக்கணும். இந்தக் காசுக்குள்ள வாங்கலைன்னா திருவிழாக் கச்சேரிக்கு மிக்சர்ல வேற ஆள்."

அந்தக் காசுக்குக் கடைகளில் காட்டியதெல்லாம் ஒரே இடிமுழக்கம். அற்புதம் அசரவில்லை. ஒவ்வொன்றிலும் நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டுக் கேட்டாள். தவில் நாதஸ்வரத்தை அமுக்காமல், தாளம் காதைக் குத்தாமல் ஒலித்த ஒன்றை வாங்கி வந்தாள்.

முதலாளி, போன கச்சேரியில் தான் பாடியதைப் போட்டுக் கேட்டார். முகம் சுண்டியது.

"மேல போறப்பல்லாம் குரல் நடுங்குது. மட்டமான சரக்கு. போய் மாத்திட்டு வா."

"சரிங்கண்ணே" என்று எடுத்துக்கொண்டு போனவள், சற்று நேரத்தில் திரும்பி வந்து அவர் காதில் மாட்டிவிட்டாள். அதே மேடையில் கோரஸ்காரி ரெஜினா தனியாகப் பாடிய பாட்டைப் போட்டாள்.

"இதுதான் ஹெட்போன்" என்று கண்ணை மூடினார். "குரல் எப்படி நிக்குது பாரு. கடைக்காரன் பேசாம மாத்திக் குடுத்தானா?"

"கடைக்கே போகலண்ணே. டீ குடிச்சிட்டு வந்தேன். இது அதே ஹெட்போன்தான், பாட்டைத்தான் மாத்தினேன்."

பக்கத்தில் இருந்த கீபோர்டுக்காரர் சிரிப்பை மறைக்க அவசரமாகக் குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்தார்.

திருவிழாவிலும் மிக்சரில் அற்புதம்தான். மைக்கைப் பிடித்த முதலாளி, வழக்கமில்லாத வழக்கமாக வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்:

"சுருதியைக் கொஞ்சம் இறக்கியே வாசிங்கப்பா."