சூரிய குலத்து மூக்கு

கானலூர் என்று ஒரு ராஜ்யம். பெயரைக் கேட்டாலே புரிந்திருக்கும், வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத சீமை. அதை ஆண்ட செங்கதிர் ராஜா சூரிய குலத்தில் பிறந்தவர். அதை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை. ஆனால் சூரியனுக்குத்தான் அந்த உறவு ஞாபகமில்லை போலிருக்கிறது. ராஜா தினமும் உச்சி வேளையில் குதிரையேறி ஊர் சுற்றிவிட்டு வருவார். வரும்போது முகம் சிவந்து, மூக்குத் தோல் உரிந்து நிற்கும்.

ஒருநாள் ராணி அவரைப் பார்த்துவிட்டு, "அவித்து உரித்த கிழங்கு மாதிரி இருக்கிறீர்களே!" என்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். மறுநாள் சபையில் ராஜா முழங்கினார்.

"எனக்கு ஒரு முகப்பூச்சு வேண்டும். தினமும் பூசுவேன். வெயில் சுடக்கூடாது, தோல் வறளக்கூடாது. முக்கியமாக, பூசியிருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. குதிரைச் சவாரியை மட்டும் விடமாட்டேன்!"

அரண்மனை வாசனைத் திரவியங்களுக்கு அதிகாரி ரங்கப்பர் முந்திக்கொண்டார். கஸ்தூரியும் நெய்யும் குழைத்து ஒரு பூச்சு கொண்டுவந்தார். மணம் பிரமாதம். ஈக்களுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். ஊர்வலம் முழுக்க ராஜாவின் கூடவே வந்தன. அடுத்தது கெட்டிச் சந்தனம். அண்டை நாட்டுத் தூதரைப் பார்த்து ராஜா புன்னகைத்தார், கன்னத்துச் சந்தனம் விரிசல் விட்டு ஒரு துண்டு தூதரின் பாயசத்தில் விழுந்தது. தூதர் அதை முந்திரி என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டார்.

"சிற்றம்பலம், இனி இது உன் பொறுப்பு" என்றார் ராஜா.

சிற்றம்பலம் சபையில் வாய்ச்சாமர்த்தியத்துக்குப் பேர் போனவன். ஆனால் மூக்கு உரிவதை வாயால் நிறுத்த முடியாது என்பது அவனுக்கே தெரியும். ஊர் வைத்தியரோடு உட்கார்ந்து, துத்தநாகத்தைச் சுட்டெடுத்த வெள்ளைப் பற்பத்தை மாவாக அரைத்து, கற்றாழைச் சோற்றில் குழைத்து, ஒரு சிமிழில் அடைத்து வந்தான். வந்தவன், முதலில் ராஜாவின் காதுக்குப் பின்னால் மிளகளவு தடவினான்.

"முகத்துக்குக் கேட்டால் காதில் தடவுகிறாயே?"

"ஒத்துக்கொள்ளாமல் காது சிவந்தால் நமக்கு மட்டும்தான் தெரியும், அரசே. முகம் சிவந்தால் ஊருக்கே தெரியும்."

இரண்டு நாள் காது சாதுவாக இருந்தது. பிறகுதான் முறையைச் சொன்னான். காலையில் முகம் கழுவியதும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுக்க வேண்டும். கழுத்தையும் காதையும் விட்டுவிடக் கூடாது. வியர்த்து வழிந்தால் மறுபடி பூச வேண்டும். மேகமூட்டமாக இருந்தாலும் பூச வேண்டும்.

"மேகமூட்டத்தில் எதற்கு?"

"முக்காடு போட்டு வந்தாலும் ஒற்றன் ஒற்றன்தானே, அரசே?"

பத்தே நாளில் மூக்கு தேறிவிட்டது. ராணி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ரங்கப்பருக்குத்தான் வயிறு எரிந்தது. ஒருநாள் சபை கூடியிருந்தபோது எழுந்து நின்றார்.

"மகாராஜா! சூரியன் தங்கள் குலமுதல்வர். அவருடைய கதிர் தங்கள் திருமுகத்தில் படாமல் தடுப்பது எது? அந்தச் சிமிழ்! பெற்றவரையே வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்துவதற்குச் சமம். இது குலத்துரோகம்!"

ராஜாவின் முகம் மறுபடி சிவந்தது, இந்த முறை வெயிலால் அல்ல. குலத்தைத் தொட்டால் அவர் யாரென்றும் பார்க்க மாட்டார்.

"சிற்றம்பலம், பதில் சொல். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் என் எல்லையைத் தாண்டிவிடு!"

ஈ, வியர்வை, விரிசல் எல்லாவற்றையும் யோசித்த சிற்றம்பலம் குலத்தை யோசிக்கவில்லை. இந்த ஊரை விட்டால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தான். பார்த்தவன், மெல்லத் தொண்டையைச் செருமினான்.

"ரங்கப்பர் சொல்வது நியாயம்தான், அரசே. ஆனால் இந்தக் குற்றத்தை நான் பத்து நாளாகத்தான் செய்கிறேன். இருபது வருஷமாகச் செய்கிறவன் ஒருவன் இதே சபையில் இருக்கிறான். கதிரைத் தடுக்கும் பொருளைத் தைரியமாகக் கையிலேயே வைத்திருக்கிறான்!"

"யார் அவன்?" ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டார்.

"சொல்கிறேன். அதற்குமுன் தண்டனையை ரங்கப்பரே சொல்லட்டும்."

ரங்கப்பருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அவனை நாடு கடத்த வேண்டும்! கையில் வைத்திருப்பதை நடுச்சந்தியில் போட்டுக் கொளுத்த வேண்டும்!"

"எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா?" சிற்றம்பலம் சிம்மாசனத்துக்குப் பின்னால் கையை நீட்டினான். அங்கே குடைக்காரச் சடையன் வெண்கொற்றக் குடையைப் பிடித்தபடி நின்றான். "ராஜாவின் வெண்கொற்றக் குடையைக் கொளுத்தச் சொல்கிறார் ரங்கப்பர்!"

"ஐயோ, நான் அதைச் சொல்லவில்லை!" என்று ரங்கப்பர் அலறினார்.

ராஜா விடவில்லை. "குடை என் முன்னோர் தந்தது. அதுவும் உன் பூச்சும் ஒன்றாகுமா?"

"அரசே, தாங்கள் குதிரையைத் தட்டிவிட்டால் சடையனால் குடையோடு ஓடிவர முடியவில்லை. அதனால்தான் மூக்கு உரிந்தது. சிமிழைத் திறந்து பாருங்கள். வெள்ளையாக இருக்கிறது, நிழல் தருகிறது, குளிர்ச்சியாக இருக்கிறது. இதுவும் வெண்கொற்றக் குடைதான். காம்பு மட்டும்தான் இல்லை!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. "கேள், என்ன வேண்டுமானாலும் கேள்!"

"சடையனுக்கு ஒரு சிமிழ் கொடுங்கள், அரசே. இத்தனை வருஷமும் தங்களுக்கு நிழல் பிடித்துவிட்டு அவன் வெயிலில்தான் நின்றிருக்கிறான். மூக்கைப் பாருங்கள்."

ராஜா முதல்முறையாகத் திரும்பி அந்த மூக்கைப் பார்த்தார். அப்படியே அவருடைய பழைய மூக்கு. இரண்டு விரல் நீளத்துக்குப் பூச்சை எடுத்தார். சடையனின் இரண்டு கையிலும் குடை இருந்ததால், ராஜாவே தடவிவிட வேண்டியதாயிற்று.