இறங்காத முள்

இசக்கிராஜ் எடை மிஷினிலிருந்து இறங்கினான். முள் இறங்கவில்லை.

ரெண்டு கிலோவில் நின்றது.

"ஸ்பிரிங் போயிட்டுல," என்றான் பொன்சேகர். மிஷினைக் காலால் ஓர் எத்து எத்தினான். முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிவிட்டு மறுபடி ரெண்டிலேயே வந்து நின்றது. பஸ்ஸில் நிற்கிற ஆள் தடுமாறிக் காலை ஊன்றிக்கொள்கிற மாதிரி.

பொன்சேகர் ஏறினான். அவன் எடையைச் சரியாகக் காட்டியது. இறங்கினான். முள் பூஜ்யத்துக்குப் போனது.

"நீ திரும்ப ஏறுல."

இசக்கிராஜ் ஏறினான். ஐம்பத்தொன்று. இறங்கினான். ரெண்டு.

பொன்சேகர் ரெண்டு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டான். ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக் கபடி அணி. அதுவரை ஒரு பிளேட்டில்தான் சாப்பிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். சின்னப் பையன்கள் பிரிவில் ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்தால் கோட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். இசக்கிராஜ் ஐம்பத்து மூன்று இருந்தான். பெரிய பிரிவுக்குப் போனால் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். இங்கே என்றால் இவன்தான் முதல் ரெய்டர். தேறினால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல். தேறாவிட்டால் அண்ணனோடு செங்கல் சூளை. வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

எடையைக் குறைக்கிறது ஒன்றும் ரகசியமில்லை. உரச்சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். மேலே ஸ்வெட்டர். உச்சி வெயிலில் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டும். சாப்பிடக் கூடாது. வாயில் புளியை அடக்கிக்கொண்டு ஊறுகிற எச்சிலையெல்லாம் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். போன வருஷம் இப்படித்தான் எடையில் தேறிய பெரிய கிளாஸ் அண்ணன்கள் ஆட்டத்தில் கால் பின்னி விழுந்து தோற்றுவிட்டு வந்தார்கள். அதை யாரும் சொல்வதில்லை. எடையில் தேறியதை மட்டும் சொல்வார்கள்.

ரெஜினா மிஸ்தான் பி.டி. டீச்சர். கபடி சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். இசக்கிராஜ் போனபோது வாலிபாலுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நான் இறங்கின பிறகும் மிஷின்ல யாரோ நிக்காங்க."

சிரிப்பார் என்று நினைத்தான். சிரிக்கவில்லை.

"எவ்வளவு காட்டுது?"

"ரெண்டு கிலோ."

"நீ எவ்வளவு குறைச்ச?"

"ரெண்டு."

"அப்ப கணக்கு சரியாத்தான இருக்கு."

பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பம்ப்பை அழுத்தினார்.

"யாரு மிஸ் அது?"

"சாப்பிட வா. சொல்லுதேன்."

அவன் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் மிஸ் சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு தட்டு எடுத்து வந்தார். சாம்பார் சோறு, மேலே முட்டை. ஸ்போர்ட்ஸ் ரூமில் இசக்கிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உரச்சாக்கு உடம்போடு ஒட்டியிருந்தது. மிஸ் அவனைத் தாண்டிப் போய் மிஷினுக்கு முன்னால் தட்டை வைத்தார்.

"சாப்பிடுப்பா," என்றார். மிஷினைப் பார்த்து.

"மிஸ்ஸுக்கும் பைத்தியம் பிடிச்சிட்டுல," என்று பொன்சேகர் ஜன்னலுக்கு வெளியே நின்று முணுமுணுத்தான்.

மணி அடித்தது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவு நேரம்தான். பார்த்தால் தட்டில் முட்டை இல்லை. சோற்றில் ஒரு கை அள்ளிய குழி. மிஷினில் முள் லேசாக மேலே போனது.

"உனக்குப் பசிக்குதா?" என்று மிஸ் கேட்டார்.

"இல்ல மிஸ்."

"அதுக்குப் பசிக்குது."

இசக்கிராஜுக்குத் துப்புவதற்குக்கூட எச்சில் இல்லை.

"அது என்ன மிஸ் செய்யும்?"

"நீ செய்யாததையெல்லாம் செய்யும்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் ஆட்டம். இசக்கிராஜ் ரெய்டு போனான். நடுக்கோட்டைத் தாண்டினான். கபடி கபடி கபடி. ஓரத்தில் நின்றவனை நோக்கிக் காலை நீட்டும்போது மூச்சு அறுந்தது. வாய் நின்றுவிட்டது. எதிரணிப் பையன்கள் அமுக்க ஓடி வந்தார்கள்.

பாட்டு நிற்கவில்லை.

கபடி கபடி கபடி. அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் குரல்தான். ஆனால் நன்றாகச் சாப்பிட்டவன் குரல். ஓடி வந்த பையன்கள் அப்படியே நின்றார்கள். ஓரத்தில் நின்றவன் யாரோ தொட்ட மாதிரி தோளைத் தடவிக்கொண்டான். பாட்டு மண்ணைக் கிளப்பிக்கொண்டு நடுக்கோடு வரைக்கும் போய், தாண்டி, நின்றது.

இசக்கிராஜ் இன்னும் எதிர்ப்பக்கம்தான் இருந்தான். முட்டி போட்டு.

மிஸ் விசில் ஊதினார். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"பாயிண்ட்."

யாரும் சிரிக்கவில்லை. பொன்சேகர் மட்டும், "நம்ம டீமுக்குத்தான மிஸ்?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை மாவட்ட மைதானம். சாமியானாவுக்குக் கீழே புது மிஷின், சிவப்பு எழுத்தில் எடை காட்டுகிறது. ஒவ்வொருத்தனாக ஏறி இறங்கினார்கள். இசக்கிராஜ் காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். சரியாக ஐம்பது. கன்னம் ரெண்டும் உள்ளே போயிருந்தது. நடக்கும்போது பொன்சேகரின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அதிகாரி பேரைக் கூப்பிட்டார். இசக்கிராஜ் வரிசையை விட்டு முன்னால் போனான். மிஷினுக்குப் பக்கத்தில் போகும்போதே சிவப்பு எழுத்து மாறியது.

மூன்று.

"யாருடா கால வச்சது?" என்று அதிகாரி எட்டிப் பார்த்தார். யாரும் வைக்கவில்லை. அணைத்துவிட்டுப் போட்டார்கள். பூஜ்யம் வந்தது. இசக்கிராஜ் இன்னும் ஓர் அடி வைத்தான். மூன்று.

"பரவால்ல, அத நான் கழிச்சுக்கிடுதேன். ஏறு தம்பி. வெயிலு ஏறுது."

இசக்கிராஜ் திரும்பி, வரிசைக்குப் பக்கத்தில் நின்ற மிஸ்ஸைப் பார்த்தான்.

"மிஸ், ஏறினா தேறிருவேன்லா?"

"தேறிருவ."

"அப்புறம்?"

"அப்புறம் இறங்கணும்."

"இறங்கிருவேன்லா மிஸ்?"

மிஸ் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருல ஒருத்தன் இறங்குவான். எவன் இறங்கினாலும் கூட்டிட்டுப் போய்ச் சோறு போடுவேன். எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். போ, ஏறு."

அதிகாரி மறுபடி பேரைக் கூப்பிட்டார்.

இசக்கிராஜ் ஏறவில்லை.