எட்வின் மாஸ்டர் முகத்தில் விளக்குமாறு

எட்வின் மாஸ்டரின் கிட்டார் வகுப்பில் கூட்டிப் பெருக்குகிறவள் செல்லக்கனி. அன்று அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. மாஸ்டர் தடித்த தந்தியை மீட்டினால் கூடவே வண்டு மாதிரி ஓர் இரைச்சல். ரிப்பேர்க்காரர் வாசலில் வைத்து மீட்டினார்; சுத்தமாகக் கேட்டது. உள்ளே வந்து மீட்டினார், இரைந்தது. குழம்பிப்போய்க் கிளம்பிவிட்டார்.

"பெருக்கும்போது நீதான் இடிச்சிருக்க!" மாஸ்டர் பாய்ந்தார். "பெற்றோருங்க முன்னால நான் வாசிக்கணும். அதுக்குள்ள சத்தம் நிக்கணும். ஆனா கிட்டார் மேல உன் விரல் படக் கூடாது. நிக்கலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

தொடாமல் எப்படி நிறுத்துவது? செல்லக்கனி விளக்குமாறும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெற்றோர் வந்து நிறைந்துவிட்டார்கள். மாஸ்டர் வாசிக்கத் தொடங்கினார். இரைந்தது. செல்லக்கனி சுவரோரம் போனாள்; அங்கே இன்னும் பலமாகக் கேட்டது. அண்ணாந்து பார்த்தாள். பொன்னாடையோடு மாஸ்டர் சிரிக்கும் பெரிய படம். நேற்று அவரே ஏணி போட்டு மாட்டியது. அதன் கண்ணாடிதான் கிர்ரென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

கை எட்டவில்லை. விளக்குமாறு எட்டியது. படத்திலிருந்த முகத்தின் மேலேயே வைத்து அழுத்தினாள். இரைச்சல் நின்றது.

"ஏம்மா, மாஸ்டர் மூஞ்சியிலயா விளக்குமாற வைக்கிற?" ஓர் அம்மா பதறினார்.

செல்லக்கனி பணிவாக எடுத்தாள். மறுபடி இரைந்தது. கூட்டம் மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் படத்தைப் பார்த்தார்.

"என்ன செய்யட்டும் மாஸ்டர்?"

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அங்கேயே வை."